மஞ்சப்பை ஏறிய பஸ்ஸும் என் இரண்டாவது பட்டமும்

"ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுத்தான் ஏறுனேன்" என்று அந்த அக்கா சொன்ன நொடியில்தான் எனக்கு இன்னொரு பட்டமும் படித்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

சொன்ன இடம் போலீஸ் ஸ்டேஷன். போன திங்கட்கிழமை. காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகிற டவுன் பஸ் அத்தனை பயணிகளோடும் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மகளின் தோடு இருந்த மஞ்சப்பையைக் காணோம் என்று பாதி வழியில் அக்கா கத்த, கண்டக்டர் வழக்கம்போல, "ஒருத்தரும் இறங்கப்படாது, வண்டி ஸ்டேஷனுக்குப் போகுது" என்று விசில் ஊதிவிட்டார். போய்ச் சேருவதற்குள் பஸ்ஸே தீர்ப்பும் எழுதிவிட்டது: சிமெண்டுக் கறையோடு நின்ற கொத்தனார் அண்ணன்தான் திருடன். மூன்று பேர் அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கரண்டியும் ரசமட்டமும் விழுந்தன. "கை மாத்தியிருப்பான்" என்றார் ஒருவர், விடாமல்.

நான் உளவியல் முதலாண்டு. நம் நினைவே நம்மை எப்படி ஏமாற்றும் என்று அப்போதுதான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். சும்மா இருக்க முடியுமா? அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து மறுபடி சொல்லுங்கக்கா. அவசரமே இல்ல."

அப்போதுதான் கம்பியைப் பிடித்த கதையைச் சொன்னார்.

"ரெண்டு கையும் கம்பியில இருந்தா, பை எங்கக்கா இருந்துச்சு?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஆத்தாடி! சீட்டுப் போட்டேன்ல!"

ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் பிடித்திருக்கிறார். பிடித்தது பக்கத்தில் நின்ற வேறு பஸ்ஸில். கூட்டம் தள்ளிய வேகத்தில் ஏறியது எங்கள் பஸ்ஸில். பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே, டிக்கெட்டுக்காகப் பையைத் தேடவும் இல்லை. எங்கள் கண்டக்டர் அந்த பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் போட்டார். "ஆமாண்ணே, ஒரு மஞ்சப்பை ஜம்முனு ஜன்னலோரமா வருது" என்று பதில் வந்ததும் ஸ்டேஷனே சிரித்தது.

கொத்தனார் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை.

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது, "என்ன பிள்ள படிக்கிற?" என்றார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஏட்டு.

"சைக்காலஜிக்கா."

"இங்குட்டும் அந்தப் படிப்பு வேணும்த்தா."

போதாதா எனக்கு? உளவியலைக் கல்லூரியிலும் குற்றவியலைத் தபால் வழியிலும் ஒரே சமயத்தில் படிக்கலாம், இப்போது அனுமதி உண்டு. விண்ணப்பத்துக்கு இந்தச் சனிக்கிழமை கடைசி. அப்பா சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மிளகாய்க் கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு வந்து நின்றது.

"ஒரு படிப்புக்கே வேலையக் காணோம். ரெண்டு படிச்சா டபுளா வீட்ல இருப்பியா?"

மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தப்புச் செய்த பிள்ளைகளைத் திருத்திக் கூட்டி வருகிற நன்னடத்தை அலுவலர். கைதிகளுக்கான நல அலுவலர். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர். அடிபட்டு வருகிற பெண்களுக்குத் துணை நிற்கிற வேலை. மேலே படித்தால் தடயவியல் உளவியல்...

"ஜெயிலுக்கா போகப் போற?" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ஆமாம்மா, சம்பளத்துக்கு!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அமுக்கிக்கொண்டார். "சரித்தா. இந்த வேலையெல்லாம் நீ சொல்லித்தான் கேக்குறேன். அதுல இருக்குற ஆளு ஒண்ணே ஒண்ணக் கண்ணுல காட்டு. சம்மதிக்கிறேன்."

புதன்கிழமை அதே ஸ்டேஷனுக்கு நானாகவே போனேன். ஏட்டக்கா, "மறுபடி என்னத்தத் தொலைச்ச?" என்று கேட்டுவிட்டு, சிவகங்கையில் நன்னடத்தை அலுவலராக இருக்கும் ஒரு அம்மாவிடம் பேசி நேரம் வாங்கித் தந்தார். அந்த அம்மாவும் உளவியல்தானாம்!

நாளை வெள்ளிக்கிழமை. காலை பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விண்ணப்பம் என் மடியில்தான் இருக்கும், ஜன்னல் வழியாக எதையும் எறிவதாக இல்லை. நோட்டில் ரெண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பஸ்ஸே சேர்ந்து திருடன் என்று சொன்ன ஆளிடம் முதல் வார்த்தை என்ன பேசுவீர்கள்? இது என்னுடையது. அடுத்தது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது: சம்பளம் மாசாமாசம் ஒழுங்கா வருதா தாயி?