அம்மா வேஷத்துச் செங்கமலம்

கீரனூரில் நாடகக் கொட்டகை போட்டிருந்தபோது அம்மா வேஷம் கட்டும் பிச்சையம்மாள் யாரிடமும் சொல்லாமல் கம்பெனியை விட்டுப் போய்விட்டாள். வாத்தியார் ஆத்மநாதன், தோழிப் பெண்களாகப் பின்னால் நின்று பாடுகிறவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்து செங்கமலத்திடம் நின்றார்.

"ஒன் தொண்டைதான் கனமா இருக்கு. இன்னைக்கு ஒரு நாளைக்கு நீ கட்டு ஆத்தா."

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. குளத்தூர்ப் பக்கத்துக்காரி. வயலில் நின்று கூப்பிட்டால் ரெண்டு வரப்பு தள்ளிக் கேட்கும் குரல். தலையில் வெள்ளை பூசி, கன்னத்தில் கோடு இழுத்து, வெள்ளைச் சீலை சுற்றி விட்டார்கள். அன்றைக்குச் சனம் அழுதது. மறுநாளும் வாத்தியார் அவளையே கட்டச் சொன்னார். அதற்கப்புறம் யாரும் அவளைக் கேட்கவேயில்லை; வெள்ளை பூசும் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள்.

மேடையில் அவளுக்கு மகன் அடைக்கலம். கம்பெனியின் ராஜபார்ட். அவளைவிட எட்டு வயது மூத்தவன். காட்டுக்குப் போகும் அரசகுமாரனாகத் தினமும் அவள் காலில் விழுந்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டு எழுந்து போவான். ஒருமுறை செங்கமலம் காய்ச்சலோடு மேடையேறிவிட்டாள். காலைத் தொட்டவனுக்குச் சூடு தெரிந்தது. பாட்டை நிறுத்தாமலே எழுந்துபோய் அரியணையை இழுத்து வந்து, "தாயே, அமர்ந்து ஆசி கொடுங்கள்" என்று வசனத்தில் இல்லாததைச் சொல்லி அவளை உட்கார வைத்தான். ஆட்டம் முடிந்ததும் ஒரு செம்பில் சுக்குக் கசாயம் வந்தது. அந்த வருஷம் தை பிறந்ததும் திருக்கோகர்ணத்தில் வைத்துத் தாலி கட்டினான்.

வாத்தியாருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "மேடையில ஆத்தாளும் மகனுமா நிக்கிறீங்க. வெளிய தெரிஞ்சா கல்லு விழும். ஒரு வார்த்தை யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது."

அதனால் அவள் பெண்கள் தங்கும் வீட்டிலேயே இருந்தாள். தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். புருஷனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கம்பெனி ஊர் மாறும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளை உண்டாகவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று வாத்தியார் சம்சாரம் ஒருநாள் அவள் காதுபடவே சொன்னாள்.

எப்படியோ தெரிந்துதான் போனது. அறந்தாங்கியில், அடைக்கலம் காலில் விழுந்து கிடக்கையில், தரை டிக்கெட்டில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏப்பா, அது ஒன் பொண்டாட்டில்ல?"

கொட்டகையே சிரித்தது. அடைக்கலத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை, பாட்டும் வரவில்லை. செங்கமலம் குனிந்து அவன் தலையில் கை வைத்து, தன் வசனத்தை ஆரம்பித்தாள். சிரிப்புக்கு மேலே குரலை ஏற்றி ஏற்றிப் பேசினாள். பாதியில் சிரிப்பு அடங்கியது. முடிவில் அழுகைச் சத்தம் கேட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தவளுக்குத் தொண்டையில் ரத்தம் கசந்தது. அடைக்கலம் அவமானத்தில் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அவளிடமும்தான்.

பிறகு பேசும் படம் வந்து, கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. படக் கம்பெனியில் சேரலாமென்று ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போனார்கள். கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய அடைக்கலத்தின் குரல் மைக்கில் இரைச்சலாக விழுந்தது. உடம்பும் பெருத்திருந்தது. அவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள்.

"நீங்க இல்லாம நான் மட்டும் எப்படி இருக்கது?" என்றாள்.

"ரெண்டு பேருமா ஊருக்குப் போயி என்ன செய்யப் போறோம்? நீ இரு. நான் போறேன்."

ஆறேழு படங்களில் நடித்தாள். தாய், மாமியார், பண்ணையார் வீட்டு மூத்த சம்சாரம். காலையிலேயே வேஷம் போட்டு ஒரு மரப்பெட்டிமேல் உட்கார வைப்பார்கள். அந்தி சாயும்போது ஆள் வந்து, இன்றைக்கு இல்லை என்பான். விளக்குச் சூட்டில் மூஞ்சி வெந்து தோல் உரிந்தது. உலகச் சண்டைக் காலத்தில் எடுத்த ஒரு படத்தில்தான் நல்ல வேஷம் கிடைத்தது: தொலைந்த மகனைத் தேடி ஊர் ஊராக அலையும் தாய். மாதக்கணக்கில் வெயிலில் நடந்து நடித்தாள்.

படம் புதுக்கோட்டைக்கு வந்ததும் அடைக்கலம் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, ஊருக்கு வந்திருந்த செங்கமலத்தையும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயையும் அழைத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்குக் கிளம்பினார். பிலிமுக்குத் தட்டுப்பாடு, படம் இத்தனை அடிக்குமேல் போகக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு. அதனால் தாய் அலைந்ததெல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. திரையில் செங்கமலம் ஒரு வாசலில் தண்ணீர் கொடுத்தாள். ஒரு தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். பிறகு மாலையோடு செத்துக் கிடந்தாள்.

"ஒன்னய இன்னும் காணமே," என்றாள் பொன்னுத்தாய். "இனிமேத்தான் வருவியா?"

"வந்துட்டுப் போயிட்டேன் அக்கா."

வீடு நெருங்கும்போது அடைக்கலம் சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சிருக்க. படுத்திருந்தப்ப மூச்சு அசையவே இல்ல."

கோயம்புத்தூரிலிருந்து மறுபடி ஆள் வந்தபோது அவள் போகவில்லை. கால் வீங்க ஆரம்பித்திருந்தது. கோயில் திருவிழாக்களில் யாராவது நாடகத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் போனாள்.

சண்டை முடிந்த மறுவருஷம் ஆவுடையார்கோவிலில் கேட்டார்கள். ராஜபார்ட்டுக்கு மதுரையிலிருந்து இளவயசு ஆள் வருகிறானாம். அடைக்கலம் அவனுக்கு அப்பாவாக வேஷம் கட்ட வேண்டும். அவர் முடியாதென்று வெற்றிலையை மென்றுகொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். செங்கமலம் வற்புறுத்தவில்லை. "நான் மட்டும் போயிட்டு வாரேன்," என்று டிரங்குப் பெட்டியை எடுத்தாள். வாசல் வரை போனபோது அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக மேடையில் அவர்கள் புருஷன் பெண்சாதி. அவர் வெளியூரிலிருந்து வீடு திரும்பி மனைவியைக் கூப்பிட வேண்டும். வந்தார். அவளைப் பார்த்தார். வாய் தன்போக்கில், "அம்மா" என்றது.

எங்கிட்டோ ஒருத்தர் கனைத்தார்.

"ஏங்க, பசியில பொண்டாட்டி பேருகூட மறந்து போச்சா?" என்றாள் செங்கமலம். "வாங்க. கையக் கழுவுங்க."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். சனம் நல்லபடியாகச் சிரித்தது. நாடகத்தில் உள்ளதென்றே நினைத்துக்கொண்டது. திரை மறைவுக்கு வந்தபிறகும் அவர் கையை விடவில்லை.

மறுநாள் காலை கரியில் ஓடும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். ஏற்றத்தில் வண்டி நின்று நின்று போயிற்று. அவள் காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்து, ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"மணமேல்குடியில கேக்குறாங்க," என்றார் அடைக்கலம். "அப்பா வேஷந்தான்."

"கட்டுங்க," என்றாள் செங்கமலம், கண்ணைத் திறக்காமல்.