எதிர்க்காற்றில் ஒரு குடித்தனம்

அந்தப் படகை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டும். சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கத்துக் குப்பங்களுக்கு வந்து இறங்கிய பைபர் படகுகளில் ஒன்று அது. நாலைந்து வருடம் மீன் பிடித்து ஓய்ந்த பிறகு அப்பா வாங்கினார். பினாயில், சோப்புத்தூள், எலுமிச்சம்பழம் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அழுகிய மத்தி நாற்றம் போகவில்லை. வெயில் ஏறினால் அதுவும் ஏறும்.

அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். கப்பலில் கிடந்த ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், பாய்மரப் படகிலேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தும் ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. படத்தில் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் எங்கே வெளிக்குப் போனார்கள் என்று மட்டும் அதில் போடவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் இருந்த எங்கள் வீட்டை விற்றுவிட்டுப் பெரிய பாய்மரப் படகு ஒன்று கட்டி அதிலேயே வாழ்வது என்பது அவர் திட்டம். எனக்குப் பள்ளிக்கூடமும் படகிலேயே. அம்மாவின் தம்பி, சிதம்பரத்து மாமா, வீடு வாங்க ஓர் ஆளையும் பார்த்து வைத்திருந்தார். ஆனால் அப்பா தன்னை நியாயஸ்தர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் ஒத்திகை பார்க்கலாம் என்றார். கோடை விடுமுறையில் நாங்கள் மூன்று பேரும் அந்த மத்திப் படகில் ஒரு பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, கடலூர்த் துறைமுகத்திலிருந்து கிள்ளை வரை போக வேண்டும். அம்மாவுக்குப் பிடித்திருந்தால், அங்கிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், மாமா வீட்டில் வைத்தே வீட்டு விஷயத்தை முடித்துவிடலாம். பிடிக்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. எனக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதாக இல்லை.

கோடையில் எங்கள் கடலில் தெற்கிலிருந்து காற்று அடிக்கும். நாங்கள் போக வேண்டியதும் தெற்கே. எஞ்சினைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார் அப்பா. எஞ்சினோடு போனால் அதற்குப் பெயர் பாய்மரப் பயணம் இல்லையாம். விடியலில் கரையிலிருந்து கொஞ்சம் காற்று வரும். அதைப் பிடித்து ஒரு குப்பம், இரண்டு குப்பம் தாண்டுவோம். பிறகு தெற்குக் காற்று எழுந்து எங்களை வந்த வழியே பாதி தூரம் தள்ளிவிடும். அப்படியே நங்கூரம் போட்டுவிட்டு மறுநாள் விடியலுக்காகக் கிடப்போம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் தூரம் அது. ஒரு வாரம் ஆகியும் நாங்கள் கிள்ளைக்கு முன்னால் வரும் பரங்கிப்பேட்டையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

காலையில் எழுந்ததும் என் வேலை தண்ணீர் இறைப்பது. ராத்திரியெல்லாம் ஊறிய தண்ணீர் படகின் அடியில் தேங்கி நிற்கும். மண்ணெண்ணெய், மீன் செதில், முந்தைய நாள் சோற்றுப் பருக்கை எல்லாம் அதில் மிதக்கும். பாதியாக வெட்டிய எண்ணெய் கேனால் அதை மொண்டு ஊற்ற வேண்டும். முதல் நாளே எனக்கு வாந்தி வந்தது. காற்று வரும் பக்கம் பார்த்து எடுத்துவிட்டேன், அது அப்படியே என் முகத்துக்குத் திரும்பி வந்தது. அப்பா அதையும் பாடமாக்கினார்.

"பாத்தியா பாப்பா, இனிமே காத்து எந்தப் பக்கம்னு உனக்கு மறக்கவே மறக்காது."

நல்ல தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான். அரிசி களைவது, பாத்திரம் கழுவுவது, முகம் கழுவுவது எல்லாம் கடல் தண்ணீரில். தட்டில் பிசுக்குப் போகாது. நேற்றைய மீன் குழம்பின் மேல்தான் இன்றைய மீன் குழம்பு. சோறு மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. தலைமுடி உப்பில் சிக்குப் பிடித்துச் சடையாகிவிட்டது, சீப்பை வைத்தால் சீப்புதான் உடைந்தது. விரித்துப் படுத்த ஜமக்காளம் காயவே இல்லை. இதற்கெல்லாம் மேலே, பாய்மரக் கயிற்றில் அப்பாவின் ஜட்டி கொடி மாதிரி பறந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பாக இருந்தது அப்பாவின் சந்தோஷம். நின்றுகொண்டே சாப்பிடுவார், மீன் முள்ளாலேயே பல் குத்துவார், ஏப்பம் விடுவார், "சொர்க்கம்" என்பார்.

கழிப்பறை ஒரு பச்சை வாளி. நான் உட்காரும்போது அம்மா தன் பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பாள். படகு ஒரு பக்கம் சாயும், வாளி ஒரு பக்கம் நகரும், நான் அழுவேன். அம்மாவுக்குப் புடவை பிடிக்க யாரும் இல்லை. நான் பிடிக்கிறேன் என்று சொன்னதற்கு, "உனக்கு ஒயரம் எட்டாது" என்று சொல்லிவிட்டாள். கரையில் இறங்கினாலும் வழியில்லை. பாய்மரத்தோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் பின்னாலேயே வருவார்கள். அதனால் அம்மா இருட்டும்வரை காத்திருந்தாள். காத்திருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அவள் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அந்த வாளியைத் தூக்கி அப்பா தலையில் கவிழ்க்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் ஆனால் அப்பா அம்மாவிடம் கேட்பார்.

"எப்புடி இருக்குது? நல்லா இருக்குதில்ல?"

"ம்" என்பாள் அம்மா.

அவள் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் 'ம்'தான். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றாலும் 'ம்', ஊருக்குப் போகலாம் என்றாலும் 'ம்'. அப்பா அதையெல்லாம் சரி என்றே எடுத்துக்கொண்டு பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியிருந்தார். இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு 'ம்'முக்கும் எங்கள் வீட்டின் ஓர் அறை கைவிட்டுப் போவதாக எனக்குத் தோன்றியது. "புடிக்கலன்னு சொல்லும்மா" என்று அவள் காதில் கெஞ்சினேன். அவள் என் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த சிக்குக்குப் போனாள்.

ஒருவழியாகக் கிள்ளை வந்தது. உப்பங்கழிச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து, அந்தக் கறுப்புச் சேறு நாறும் கால்களோடு கரையேறினோம். சிதம்பரம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அப்பா மட்டும், "பாத்தியா, தாராளமா உக்காரு" என்றார்.

மாமா வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம். அதையொட்டியே கக்கூஸ், இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதவு. வாசலில் செருப்பை விட்டதும் அம்மா யாரிடமும் பேசாமல் நேரே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. கூடத்தில் அப்பா காபி குடித்துக்கொண்டே மாமாவிடம் கடலை அளந்துகொண்டிருந்தார்.

"அந்த ஆள வரச் சொல்லு மச்சான். உங்க அக்காவுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. இன்னைக்கே முடிச்சிடலாம்."

மாமா போன் செய்தார். அந்த ஆள் கிளம்பிவிட்டாராம்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பேச்சு நின்றது. முந்தைய நாள் மிஞ்சிய மீன் குழம்பை, வீணாகிறதே என்று காலையில் அவர் ஒருவர்தான் வழித்துச் சாப்பிட்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, கொஞ்சம் சீக்கிரம் வா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"வீட்ட விக்கக் கூடாது" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னாம்மா சொல்ற? நல்லா இருக்குதுன்னு சொன்னியே?"

"நான் எங்க சொன்னேன்? நீங்களாத்தான் சொல்லிக்கிட்டீங்க. அந்த ஆள வர வேணாம்னு சொல்லச் சொல்லுங்க. என் தம்பி போன் பேசுறது எனக்குக் கேக்கணும். அப்பறம்தான் தொறப்பேன்."

"வெளிய வா, உக்காந்து பேசுவோம். இப்ப அவசரம்மா."

"எனக்குந்தான் தெனமும் அவசரமா இருந்துச்சு."

அப்பாவுக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. கதவில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்க்காமலே, "பண்ணிடு மச்சான்" என்றார். மாமா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வேண்டும் என்றே உரக்கப் பேசினார். வீடு விற்பதாக இல்லை, மன்னிக்கணும், இனிமேலும் இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. அம்மா வெளியே வந்தாள். தலையில் துண்டு, முகத்தில் மஞ்சள். அப்பா உள்ளே பாயப் போனார். அம்மா வாசலை மறித்து நின்றபடி என்னைக் கூப்பிட்டாள்.

"பொம்பளப் புள்ள, எத்தன நாளா அந்த வாளியில உக்காந்து அழுவுது. மொதல்ல அது போவட்டும்."

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அப்பா, "பாப்பா, பாப்பா" என்று கெஞ்ச ஆரம்பித்தார். நான் சோப்பை எடுத்து முதலில் கால் விரல்களிலிருந்து ஆரம்பித்தேன்.