கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா போனை என்னிடம் நீட்டி, "இந்தக் கருமத்த மொதல்ல அழிச்சுப்போடுங்க" என்றதும், நான் அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா தன் பக்கம் என்று பெரியவளுக்கு நினைப்பு. அப்பாவுக்கு அழிக்கத் தெரியவில்லை என்று சின்னவனுக்கு நினைப்பு. இரண்டும் இல்லை.

அது ஓநாயாக மாறும் ஒருவன் ஒரு பெண்ணைக் காதலிக்கும் தொடர்கதை. அத்தியாயத்துக்கு நாலு முத்தம். அதற்குக் கீழே, பெரியவளே, நீ எழுதிய கருத்து இருந்தது: "ஓநாய் ஓகே. ஆனா அவ வேண்டாம்னு சொன்னப்புறமும் கையப் புடிச்சு இழுக்கறது லவ் இல்ல. ஒரு ஸ்டார்." கதையைப் படித்தாய் என்று உன் அம்மாவுக்குக் கோபம். நான் கதையைப் படிக்கவில்லை. உன் கருத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். ஏன் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. ஐ.டி.ஐ. படித்தவன் எழுத்து இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் இறந்துபோன சின்னாத்தாவை உங்களுக்கு நினைவிருக்கும். இடது காது கேட்காது. நீங்கள் வலப்பக்கமாகப் போய் நின்றுதான் பேசுவீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், அதுவும் பாதிதான். என் சித்தப்பாவின் மனைவி, எனக்குச் சித்தி. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. என்னைவிட அதிகமாகப் பேசுவார்.

பெருந்துறைப் பக்கம் பிறந்து, பன்னிரண்டாவது முடித்து, கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சித்தப்பாவுக்கு லேத் பட்டறை. ஊரில் மரியாதைக்குப் பேர்போன மனிதர். காய்கறிக்காரம்மாவிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் வரை எல்லோரிடமும் "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க"தான். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "போங்க போங்க" என்றுதான் விரட்டுவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த "ங்க" அவருடைய அறை வாசற்படியோடு நின்றுவிடும். உள்ளே போனபின் என்ன பேசினார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தமில்லை.

ஒருமுறை சித்தி என் அம்மாவிடம் சமையலறையில் ஏதோ சொல்லி அழுதார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதான் அம்மணி. ஒரு கொழந்தை பொறந்தாச் சரியாப் போயிரும்" என்றார்.

சித்திக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு வாடகை நாவல். கோயிலைத் தவிர வேறெங்கும் தனியாகப் போக அவருக்கு அனுமதி இல்லை. அதனால் சனிக்கிழமைதோறும் நான் போய் வாங்கி வருவேன். தையல்காரர் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே பாய் ஒருவர் வைத்திருந்த லெண்டிங் லைப்ரரி. பாதி, அட்டையில் கண்ணை மூடிய பெண்ணும் சட்டைப் பொத்தான் போடாத ஆணும் இருக்கும் புத்தகங்கள். மீதி பேய், பாம்பு, மோகினி. ஆனால் பேயும் கடைசியில் காதல்தான் செய்யும். சித்திக்கு அந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும்.

அப்போது உங்களைப் போல ஸ்டார் போட முடியாது. ஆனாலும் கருத்து இருந்தது. கடைசிப் பக்கம் காலியாக இருக்கும் அல்லவா, அதில் படித்தவர்கள் எழுதுவார்கள். ஒருவர் எழுதியதற்குக் கீழே அடுத்தவர், அதற்குக் கீழே இன்னொருவர். யார் யாரென்று யாருக்கும் தெரியாது. "நாயகன் முதல் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றுகிறான். கோயமுத்தூரில் அவ்வளவு புழுக்கம் இல்லை." "எண்பதாம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போன புண்ணியவான் யார்? அதில்தானே எல்லாம் இருக்கிறது." அதற்குக் கீழே: "நான்தான். என் மகளும் இதைப் படிக்கிறாள்." "பேய்க்கு இத்தனை பாசமா! ஒன்றை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கவும்."

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், வருகிற வழியில் படிப்பேன். படிக்கக் கூடாது என்பது சித்தியின் உத்தரவு. "இது பெரியவங்க புக்கு கண்ணு. ஒரு எழுத்துப் படிச்சாலும் மருதமலை முருகன் சாமி கேட்டுப்போடும்" என்று திருநீற்றைத் தொட்டுச் சத்தியம் வாங்கியிருந்தார். நான் கதையைத்தான் படிக்கவில்லை. கடைசிப் பக்கம் கதையில் சேராது என்று முருகனோடு எனக்கு நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்.

சித்தியும் எழுதினார். அவர் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் தெரியும். பென்சிலை அவ்வளவு அழுத்துவார், மறுபக்கம் தடவினால் விரலில் நெருடும்.

ஒரு நாவல். பாழடைந்த பங்களாவில் இருக்கும் பேய்க்கும் அங்கே தங்க வரும் டீச்சருக்கும் காதல். அதைத் திருப்பிக் கொடுத்த இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே புத்தகத்தை வாங்கி வரச் சொன்னார். "படிச்சதுதானுங் சித்தி?" என்றேன். "முடிவு மறந்து போச்சு கண்ணு" என்றார். லைப்ரரியில் கேட்டபோது பாய் சிரித்தார், "உங்க சித்திக்கு மறதி ஜாஸ்தியாட்ட இருக்குதுங் தம்பி."

உடனே சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைக் காட்டினார். புதிதாக ஓர் அட்டை தொங்கியது. புத்தகத்தில் எழுதுகிறவர்களுக்கு இனி புத்தகம் கிடையாது. "இதென்ன புக்கா, பஸ் ஸ்டாண்டு சுவரா? இனி திரும்பி வர்ற ஒவ்வொரு புக்கையும் புரட்டிப் பாக்கப் போறேன். கையெழுத்த வெச்சே கண்டுபுடிச்சுருவேன். ஊட்டுக்கே வந்து ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போடுவேன்."

பாய் நல்ல மனிதர். வெறும் மிரட்டல் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் தெரிந்தது: ஊட்டுக்காரர் என்றால் சித்தப்பா. சித்தப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியாது. ஏதோ ஆகும் என்பது மட்டும் நிச்சயம்.

வழியில் மூடிக்கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். சித்தி எழுதியிருந்தார்:

"இந்தப் பேய் கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்கிறது. அவள் வேண்டாம் என்றால் திரும்பிப் போகிறது. இது நடக்காத கதை. உயிரோடு இருக்கிற ஆள் கேட்பதில்லை. வலிக்கிறது என்றாலும் விடுவதில்லை. வெளியே வர யாருக்காவது வழி தெரிந்தால் கீழே எழுதவும்."

கீழே வேறொரு கை எழுதியிருந்தது. காகிதத்துக்கு வலிக்கக் கூடாது என்பது போல, மெல்லிய சாய்ந்த எழுத்து. அதையும் படித்தேன். தையல் கடை என்றும் மேட்டுப்பாளையம் என்றும் இருந்தது. யாரோ ஓர் அம்மா சித்திக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என்னிடம் வாசனை ரப்பர் ஒன்று இருந்தது. யாருக்கும் இரவல் கொடுக்காமல் வைத்திருந்தது. அது பாதியாகத் தேயும்வரை அழித்தேன். ஒருவருடையதை மட்டும் அழித்தால் சந்தேகம் வரும் என்று அந்த அம்மாவுடையதையும் சேர்த்து அழித்தேன். ஊதிவிட்டுப் பார்த்தபோது பக்கம் துடைத்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் வீடுவரை ஓடினேன்.

சித்தி புத்தகத்தை வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே கடைசிக்குப் போனார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பாய் சொன்னதையும் நான் செய்ததையும் மூச்சு விடாமல் சொன்னேன். பாராட்டுவார் என்று நின்றேன்.

"எனக்குக் கீழ யாராச்சும் எழுதியிருந்தாங்களா கண்ணு?"

"எழுதியிருந்தாங்க. அதையும் அழிச்சுட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

அங்கேதான் முருகன் ஞாபகம் வந்தது. சத்தியத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "நான் படிக்கலீங் சித்தி."

"சும்மா சொல்லு கண்ணு. சித்தி வைய மாட்டேன்."

"நெசமாலுமே படிக்கலீங்."

"ஒரு எழுத்துக்கூடவா?"

"ஒரு எழுத்துக்கூடப் படிக்கலீங் சித்தி."

என் தலையைத் தடவினார். "நல்ல பையன்" என்றார். கடைசிப் பக்கத்தை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறேன் என்று பார்க்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் லைப்ரரிக்குத் திரும்பிப் போகவில்லை. தொலைந்துவிட்டது என்று பாயிடம் சொல்லச் சொன்னார், நானும் அதை நம்பினேன். பாய் வருத்தப்பட்டார். "மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வியாழக்கிழமை தவறாம வந்து அதையேதான் கேக்கறாங்க தம்பி. இன்னும் வரலீங்களா, இன்னும் வரலீங்களான்னு. பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போறாங்க." ஒரு பேய்க்கதைக்கு இத்தனை பைத்தியமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தியிடம் இதைச் சொல்லவில்லை. தொலைத்துவிட்டோமே என்று வருத்தப்படுவாரே என்றுதான். அந்த வயதில் நான் செய்த தப்பு எல்லாமே நல்லெண்ணத்தில் செய்தவை.

தொலைந்த புத்தகத்தோடு நாவல் வாங்குவதும் நின்றது. "போதும், படிச்சுக் கிழிச்சது" என்றார் சித்தப்பா.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் சித்தியை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். பை தூக்க என்னையும் கூட்டிப் போனார்கள். சித்தி இடது காதைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். துண்டு நனைந்திருந்தது. சித்தப்பா டாக்டருக்கு முன்னால் கை கட்டி நின்று, "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்க டாக்டர்" என்றார்.

உழுந்துட்டாங்க. சித்தப்பா வாயிலிருந்து சித்திக்கு ஒரு "ங்க" கிடைத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இனிமேல் சரியாகிவிடும் என்று எனக்கு மனதுக்குள் அவ்வளவு நிம்மதி.

அதற்கப்புறம் சித்தி பேச்சைக் குறைத்துக்கொண்டார். குழந்தை பிறக்கவில்லை. சித்தப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதே அறையில், அதே கதவைப் பார்த்தபடி இருந்தார். நீங்கள் அறிந்தது அந்தச் சின்னாத்தாவைத்தான்.

எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்பீர்கள். கல்யாணமான பிறகு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்தச் சாய்ந்த எழுத்து வரிவரியாக நினைவுக்கு வந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். "படிச்சேன் சித்தி, பொய் சொன்னேன்" என்று நாலு வார்த்தை. ஆனால் வராத பஸ்ஸுக்கு நிற்பவரிடம் போய், அது வந்து போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? இப்படி நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன். அது இரக்கம் இல்லை, கோழைத்தனம். இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

சித்தியின் காரியம் முடிந்த அன்று எல்லோரும் சாப்பிடப் போனபின், அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நாலு சேலை. அடியில் அந்தப் புத்தகம்.

கடைசிப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தது. நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சின்னவன் படம் எடுப்பானே, அதுபோல, ஒரு மூலை விடாமல் பென்சிலால் தேய்த்திருந்தார். அழிந்த எழுத்தின் தடம் தெரியுமா என்று பார்த்திருக்கிறார். தடம் தெரிந்தது. மேலே சித்தி அழுத்தி எழுதிய கேள்வி வெள்ளை வெள்ளையாக முழுதும் எழுந்து நின்றது. அதற்குக் கீழே, அந்த அம்மா மெல்லிசாக எழுதிய இடத்தில், ஒன்றுமே வரவில்லை. அந்த இடத்தில்தான் காகிதம் தேய்ந்து ஓட்டை விழும்வரை தேய்த்திருந்தார்.

"ஒரு எழுத்துக்கூடவா?" என்று மூன்றாம் தடவை கேட்டபோது அவர் என்னைச் சோதிக்கவில்லை, கெஞ்சினார் என்பது ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாது. நான் பொய் சொல்லியிருக்க மாட்டேனா, எப்படியாவது சத்தியத்தை மீறியிருக்க மாட்டேனா என்று அந்தப் பெண் ஏங்கி நின்றதும், நான் நல்ல பையனாகவே நின்றுவிட்டதும் தெரியாது.

பெரியவளே, நீ கருத்து எழுது. யார் எழுதியதையும் இந்த வீட்டில் அழிக்க மாட்டோம்.

பெட்டியைத் திறந்த அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு, மின்கட்டண அட்டையோடு கட்டியிருந்த பென்சிலை எடுத்தேன். ஓட்டைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. அந்த அம்மா எழுதியதில் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. அழுத்தி எழுதினேன்:

"தங்கச்சி, நீங்க கேட்டது பேயைப் பத்தி இல்லைன்னு தெரியுது. நானும் அப்படி ஒரு ஊட்டுல இருந்து வந்தவதான். மேட்டுப்பாளையத்துல தையல் கடை வெச்சிருக்கேன். மாடியில ஒரு ரூம் இருக்குது. லைனிங் துணி எடுக்க வியாழக்கிழமை வருவேன், பதினோரு மணிக்கு இந்த லைப்ரரிலதான் இருப்பேன். ஒரு துணிப்பை போதும். வாங்க."