சீரகம்போல் நீண்ட நட்சத்திரங்கள்

நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வானத்தைப் படமெடுக்கும் கிறுக்குப் பிடித்தது. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவில் வேலை. பகலெல்லாம் கணினியில் மோட்டார் பாகங்களை வரைந்துவிட்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். என் கணவர் தடுக்கவில்லை. "என்னமோ பண்ணு கண்ணு, கொசுவத்தி மட்டும் ஏத்தி வெச்சுக்கோ" என்றதோடு சரி.

பீளமேட்டு மாடியில் நிலா கிடைக்கும், வியாழன் கிடைக்கும், சனியின் வளையம் கூடத் தெரியும். ஆனால் நெபுலாவும் கேலக்சியும் அங்கே படியாது. தெருவிளக்கு, கல்லூரி மைதானத்து விளக்கு, விமான நிலையத்து வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வானத்தை நீர் மோர் மாதிரி ஆக்கிவிடும். அதனால் அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில், உடுமலைப்பேட்டையைத் தாண்டி இருக்கும் என் அக்கா வீட்டுத் தென்னந்தோப்புக்குப் போய்விடுவோம். தோப்புக்குள் மட்டை மறைக்கும். நடுவில் கொப்பரை காய வைக்கும் சிமெண்ட் களம் ஒன்று உண்டு. அங்கே நின்றால் தலைக்கு மேல் மறைப்பே இல்லை. நான் டெலஸ்கோப்பைப் பூட்டி, நட்சத்திரத்தின் பின்னாலேயே அதை மெதுவாகத் திருப்பும் மோட்டாரை ஓடவிட்டு, மூன்று மூன்று நிமிடமாகப் படம் எடுப்பேன். அப்படி நாற்பது படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருப்படியாக ஒரு படம் தேறும். கணவர் காரின் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார்.

டெலஸ்கோப்பின் வால் பக்கத்தில் கேமராவைப் பொருத்த ஒரு வளையம் தேவைப்பட்டது. லென்ஸிலிருந்து கேமரா குறிப்பிட்ட தூரத்தில் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். கடையில் கிடைத்தவை எல்லாம் நான்கைந்து மில்லிமீட்டர் குறைந்தன. வரைபடம் போடுவதுதான் என் தொழில். நானே வரைந்து எடுத்துக்கொண்டு, உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் லேத் பட்டறை வைத்திருந்த பாயிடம் போனேன். எங்கள் கம்பெனிக்கு முன்பு மாதிரிப் பாகங்கள் கடைந்து கொடுத்தவர். கொஞ்ச நாளாக அவருக்கு வேலை போவதில்லை. ஏன் என்று நான் கேட்டுக்கொண்டதும் இல்லை.

பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதில் பென்சில், சட்டைப் பையில் நுட்பமாக அளக்கும் வெர்னியர். வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பம்புக்கு இல்லையேங்க மேடம்?"

"நட்சத்திரத்தைப் படம் புடிக்கிறதுக்குங்க பாய்."

"எந்த ஹீரோங்க?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் விழித்ததைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

நான்காம் நாள் வளையம் தயார். அலுமினியம், கையில் பட்டால் வழுக்கும் நேர்த்தி. பனியன் கழிவுத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அந்தக் கார்த்திகையில் அதை மாட்டி ஆண்ட்ரோமெடா கேலக்சியை எடுத்தேன். நடுவில் கேலக்சி அழகாக வந்திருந்தது. வலது ஓரத்து நட்சத்திரங்கள் கடுகு போல உருண்டையாக இருந்தன. இடது ஓரத்தில் இருந்தவை மட்டும் சீரகம்போல் நீண்டிருந்தன.

லென்ஸைத் துடைத்தேன். மோட்டாரைச் சரிபார்த்தேன். காற்றைக் குறை சொன்னேன். அடுத்த மாதமும் சீரகம்தான். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வளையத்தின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. கேமரா ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? வாசலில் கால் வைத்ததும் டீ வரவழைத்தவர், வளையத்தைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தவர். இரண்டு தடவை உக்கடம் வரை போய், சந்தின் முனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள், "போய்ச் சொல்லு, இல்லாட்டி அந்தப் படத்தைப் பாத்துப் பொலம்பறதை நிறுத்து" என்று கணவர் சொல்லிவிட்டார். போனேன். கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

பாய் வெகுநேரம் பார்த்தார். பிறகு வளையத்தை வாங்கி, வெர்னியரால் நான்கு பக்கமும் அளந்தார். "பாருங்க மேடம். நாலு பக்கமும் ஒரே அளவு. லென்ஸ்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்."

"இருக்கலாமுங்க பாய்" என்றேன். கோழைத்தனம்தான்.

அவர் முகம் மட்டும் தெளியவில்லை. நான் வண்டியைக் கிளப்பும்போது வெளியே வந்தார். "எங்க போயி எடுக்கறீங்க இதை? நான் வந்து பாக்கலாமுங்களா?"

அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் காரிலேயே வந்தார். வழியெல்லாம் என் கணவரோடு தேங்காய் விலையும் மழையும் பேசினார். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஏழரை மணிக்கெல்லாம் களம் இருட்டிவிட்டது. கிழக்கே ஓரியன் நன்றாக மேலேறி இருந்தது. அதன் இடைவார் மாதிரி வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு நெபுலா உண்டு. புதிய நட்சத்திரங்கள் உருவாகிற வாயு மேகம். அதை நோக்கித் திருப்பி முதல் படத்தை எடுத்தேன். லேப்டாப் திரையில் இளஞ்சிவப்பாக மேகம் எழுந்து வந்தது. பாய் அதைப் பார்க்கவே இல்லை. நேராக இடது ஓரத்துக்குப் போனார். சீரகம்.

திரையை விட்டு நிமிர்ந்தார். பிறகு, "ஒண்ணு செய்யலாமுங்களா?" என்றார். "லேத்துல சாமானைக் கவ்விப் புடிக்கற சக்குல மாட்டினது கோணலா ஓடுதுன்னா, அதைக் கழட்டித் திருப்பிப் புடிப்போமுங்க. கோணலும் கூடவே திரும்பினா சாமான்ல கோளாறு. திரும்பாம அங்கயே நின்னா மெசின்ல கோளாறு. இங்கயும் அதேதானுங்க. மத்ததை எதையும் அசைக்காம, என்ற வளையத்தை மட்டும் அரைச் சுத்து திருப்பிப் போடுங்க."

இது எனக்கு இரண்டு மாதமாகத் தோன்றவில்லை. அவரே பேனாவால் வளையத்தில் ஒரு புள்ளி வைத்தார். அரைச் சுற்று திருப்பி இறுக்கினோம். மறுபடி மூன்று நிமிடம்.  பக்கத்துத் தோப்பில் பம்பு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. லென்ஸ் கோளாறாகவே இருந்துவிடட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது உண்மை.

படம் வந்தது. இடது ஓரம் கடுகு. வலது ஓரம் சீரகம்.

"என்ற வளையந்தானுங்க" என்றார் பாய். மெதுவாகக் களத்தின் அந்த முனைக்கு நடந்து போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். காரிலிருந்து எழுந்து வந்த கணவர் என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார்.  ஒரு படத்துக்காக ஒரு மனிதரை நாற்பது கல் தூரத்துக்கு மேல் கூட்டி வந்து இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்றிருந்தது.

திரும்பி வந்தவர், பகல் சூடு இன்னும் ஆறாத சிமெண்டில் உட்கார்ந்தார்.

"ஒரு வருசமா லேத்துல சத்தம் வந்துட்டுத்தானுங்க இருந்துச்சு. பேரிங் தேஞ்சுபோச்சுன்னு மனசுக்குத் தெரியும். பிரிச்சுப் பாத்தா நெனச்சதை விடப் பெருசா இருக்குமோன்னு பயம். காதுல உழுகாத மாதிரியே இருந்துபோட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இதை எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

"கார்த்திகையிலயே சந்தேகமுங்க. மார்கழியில புரிஞ்சுபோச்சு."

"தை வரைக்கும் ஏனுங்க சொல்லலை?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு…"

அவர் தலையாட்டிக்கொண்டார். "அதேதான். இந்த ஒரு வருசத்துல ஆறு பேரு வேலை குடுக்கறதை நிறுத்திட்டாங்க. உங்க கம்பெனியும் சேத்தி. ஒருத்தராச்சும் உன்ற வேலை சரியில்லைன்னு சொல்லோணுமே? 'இப்ப அவசரமில்லீங்க பாய், அப்புறம் வாரேனுங்க' இதைத்தான் எல்லாரும் சொன்னாங்க. தெருவுல பாத்தா நல்லா இருக்கீங்களான்னு கேப்பாங்க, டீ வாங்கிக் குடுப்பாங்க. நான் ஊருல தொழிலே டல்லுன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேன். நம்மூருல மரியாதை ஜாஸ்திங்க அம்மணி. அதுலயே ஆளைக் கொன்னுபோடுவாங்க."

அவர் என்னை அம்மணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நானும் அதைத்தானுங்க செஞ்சேன். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"நீங்க சொல்லிட்டீங்கல்ல. உடுங்க." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். "இத்தனை தூரம் வந்தாச்சு. அந்த மேகத்தைக் கண்ணுல காட்டுங்க, பாப்போம்."

கேமராவைக் கழற்றிவிட்டுக் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைப் பொருத்திக் கொடுத்தேன். கண்ணுக்குப் படத்தில் போல நிறமெல்லாம் தெரியாது என்று முன்கூட்டியே சொன்னேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. "மில்லுல பஞ்சு பறக்குமேங்க, சன்னல் வெளிச்சத்துல. அப்படி இருக்குது" என்றார். கணவரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குனிந்து பார்த்தார்.

திங்கட்கிழமையே பாய் லேத்தைப் பிரித்துவிட்டார். அவர் பயந்தபடியே பேரிங்கோடு போகவில்லை. அது உட்காரும் இடமும் தேய்ந்திருந்தது. மூன்று வாரம் பட்டறை நின்றது. அந்த மூன்று வாரத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பின்னால் எங்கள் கொள்முதல் பிரிவில் இருப்பவர் சொல்லித்தான் அறிந்தேன். வேலை கொடுப்பதை நிறுத்திய ஆறு பேருக்கும் அவரே போன் போட்டிருக்கிறார். "என்ற மெசின் கோணலா ஓடியிருக்குதுங்க, நான் பிரிச்சுப் பாக்காம உட்டது தப்பு. உங்களுக்குச் செஞ்சதுல ஏதாச்சும் கெட்டுப்போயிருந்தா சொல்லுங்க, திரும்பச் செஞ்சு தாரேன்." அதில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். எங்கள் கம்பெனியும் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்த்தது, பிறகு தொடர்ந்தது. மற்ற இருவர் வரவே இல்லை. அதில் ஒருவர் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். அந்த வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு.

புது வளையத்தை அவரே கம்பெனி வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். "நான் அளந்தது செல்லாதுங்க அம்மணி. அங்க மேல காட்டிட்டுச் சொல்லுங்க" என்றார். அடுத்த அமாவாசைக்குத் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் நல்ல பேச்சுக்காரர். காரில் ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் என் கணவரின் தூக்கத்தை ஒழித்துவிட்டார். அன்று முதல் படம் வந்ததும் பாய் திரையின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். கடுகு, கடுகு, கடுகு, கடுகு. நடுவில் ஓரியன் நெபுலா சிறகு விரித்துக்கொண்டிருந்தது. அதை அவர் கடைசியில்தான், போனால் போகிறதென்று பார்த்தார்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். பட்டறையில் லேத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். யாராவது என்னவென்று கேட்டால் நட்சத்திரம் பிறக்கிற கதையெல்லாம் சொல்வதில்லை. மூலையில் இருக்கும் ஒரு சின்னப் புள்ளியைத் தொட்டு, "எப்படி உருண்டையா இருக்குது பாருங்க, நம்ம வேலை" என்கிறார். கேட்டவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

இந்தத் தையிலும் நால்வரும் தோப்புக்குப் போயிருந்தோம். டெலஸ்கோப்பைப் பூட்டி முடிக்கவும் அமராவதி அணைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வரவும் சரியாக இருந்தது. ஒன்பது மணி வரை பார்த்தோம், விலகவில்லை. பாய் வீட்டம்மாள் கொண்டுவந்திருந்த தேங்காய்ச் சோற்றையும் கத்திரிக்காய்க் குழம்பையும் களத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு, மேகத்தின் ஒரு கிழிசலில் வியாழன் மட்டும் எட்டிப் பார்த்தது. ஓடிப்போய்த் திருப்பி அந்த அம்மாளுக்குக் காட்டினேன். கூடவே வரிசையாக நிற்கும் நான்கு புள்ளிகளையும் அவரே எண்ணிச் சொன்னார். அவை வியாழனின் நிலாக்கள் என்றேன்.

"நாலு நிலாவா! அப்ப அங்க அமாவாசை எப்படிங்க வரும்?" என்று கேட்டார்.

  வீடு வந்து சேரும் வரை காரில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.