மெஷின் நின்ற கோடு

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆனி மாதத்தில் நடந்தது இது. அப்போது திருப்பூரில் தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். நான் இலங்கைக்காரி. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் நாட்டிலும் ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. பின்னலாடைப் படிப்பை முடித்துவிட்டுத் திரும்பினால் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காராமல் ஆபீஸில் உட்காரலாம் என்ற ஆசையில் இங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தேன்.

பாஷை தெரிந்த ஊர்தானே, என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் வந்தேன். வாயைத் திறந்ததும் "கேரளாங்களா?" என்பார்கள். இலங்கை என்றால் அடுத்த கேள்வி, "கேம்ப்புங்களா?" இல்லை, படிக்க வந்திருக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். அங்கிருந்து திருப்பூருக்குப் படிக்கவா என்று ஒரு ஆட்டோக்காரர் சிரித்தே விட்டார். வாடகைக்கு வீடு தேடியபோது, வெளிநாடு என்றதும் "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லாத ஊர். இல்லை என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள்.

கடைசியில் ஒரு அம்மா வீடு கொடுத்தார். முன்பக்கம் அவர்கள் வீடு, பின்பக்கம் வாடகைக்கு விட்ட அறைகள் வரிசையாக. நல்ல தண்ணீர் எப்போது வரும், உப்புத் தண்ணீரில் எதைக் கழுவலாம், எந்தக் கடையில் அரிசி நன்றாக இருக்கும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நான் தனியாக இருக்கிறேன் என்று அடிக்கடி மோர் கொடுத்து அனுப்புவார். என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்டால் அவரைக் கெட்டவர் என்று நினைக்கத் தோன்றும்.

ஊரிலிருந்து அப்பா தினமும் போன் பண்ணுவார். அவர் தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போனவர் இல்லை. "இன்னைக்கு அங்க மழையா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்பேன். மழையே பெய்யாத ஊரில் மனுஷன் எப்படி இருப்பான் என்று தினமும் புதிதாக ஆச்சரியப்படுவார். எனக்குச் சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். அந்த ஒரு கேள்வியை விட்டால் வேறு எதுவும் கேட்கத் தெரியாதா என்று தோன்றும்.

அந்த நாள் காலையில் போன் வந்தபோது அப்பா பேசவில்லை. பெரியப்பா மகன் பேசினான். விடியற்காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. விடாத மழையில் மண் சரிந்து ரோடு மூடியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை. சரிவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகும்போதே உயிர் போய்விட்டது. மழை இன்னும் நிற்கவில்லை, குழி வெட்டினால் தண்ணீர் ஊறுகிறது, அதனால் மத்தியானமே அடக்கம் என்றான். நான் எந்த விமானத்தைப் பிடித்தாலும் அதற்குள் போய்ச் சேர முடியாது. கடைசிச் சடங்கைப் போனில் காட்டுகிறேன், அழாதே என்றான். அவனே அழுதுகொண்டுதான் சொன்னான்.

நான் கத்தியிருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் கண் கலங்கியது. உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்தவர், அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கையைக் கூப்பினார்.

"கண்ணு, கோவிச்சுக்காதீங்க. புள்ளைக்கு முகூர்த்தக்கால் நட்டாச்சுங்க. இங்க அழுகைச் சத்தம் கேக்கக் கூடாதுங்க."

முன்வாசலில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நட்டிருந்த அந்தக் காலை நானும் பார்த்திருந்தேன். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். ஏற்கனவே ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து கலைந்துபோன பெண். கால் நட்டபின் வீட்டில் ஒப்பாரி கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அந்த அம்மாவுக்குப் பயம். எனக்கு அது புரிந்தது. புரிந்ததாலேயே கோபப்படவும் முடியவில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து வீடுகளில் அடுப்புகூட எரியாது. இங்கே நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்காக வாய்விட்டு அழக்கூட எனக்குச் சொந்தமாக ஒரு இடம் இல்லை என்பது, அவர் செத்த செய்தியை விடப் பெரிதாக என்னை அடித்தது.

அடுத்த அறையில் ஒரு முஸ்லிம் அக்கா குடியிருந்தார். பனியன் பீஸ்களில் நூல் பிசிர் வெட்டும் வேலையை வீட்டிலிருந்தே செய்பவர். இரண்டு தெரு தள்ளி ஒரு நிட்டிங் ஷெட்டில் அவர் கணவர் மெஷின் ஓட்டினார். அதுவரைக்கும் அந்த அக்காவோடு தண்ணீர் பிடிக்கும்போது பேசியதுதான். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அரபியில் ஏதோ முணுமுணுத்தார். கணவருக்குச் சாப்பாடு கொண்டு போகும் நேரம் வந்ததும் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, என் கையைப் பிடித்தார்.

"எந்திரி கண்ணு. அழுகறதுக்கு ஒரு எடம் இருக்குது, வா."

நிட்டிங் ஷெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். நூலைத் துணியாகப் பின்னும் வட்ட மெஷின்கள் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அங்கே எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அக்கா தன் கணவரிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார். நூல் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் என்னை உட்காரவைத்து, அக்கா என் காதோடு வாய் வைத்துச் சொன்னார்.

"இங்க அழுவு. ஒருத்தருக்கும் கேக்காது."

அழுதேன். அப்படி ஒரு அழுகை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அப்பா, அப்பா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த மெஷின்களை நிறுத்துவது வழக்கம். அன்று அக்காவின் கணவர் நிறுத்தவில்லை. நின்றபடியே சாப்பிட்டார். அவரோடு வேலை செய்த இரண்டு வடநாட்டு ஆட்களும் அப்படியே. எனக்காகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெரியப்பா மகன் வீடியோவில் கூப்பிட்டான். படம் வந்தது. மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு ஆட்கள். எங்கள் பக்கம் பெண்கள் குழி வரைக்கும் போவதில்லை, அம்மாகூட அங்கே இல்லை. பெண்களில் நான் மட்டும், போன் வழியாக, இருந்தேன். அப்பா முகத்தைக் காட்டினான். தலையைச் சீவிவிட்டிருந்தார்கள், வகிடு மாறியிருந்தது. யாரோ வாயசைத்துப் பாடுவது தெரிந்தது. தப்பு மேளம் அடிப்பவரின் கை அசைவது தெரிந்தது. ஒன்றுமே கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தால் முகம் போய்விடும், முகத்தைப் பார்த்தால் சத்தம் இல்லை. அழ இடம் கிடைத்தது, அப்பாவுக்கு அடிக்கும் தப்பைக் கேட்கத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று நெஞ்சு வெந்தது.

அப்போது கரண்ட் போனது.

மெஷின்கள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. ஷெட் முழுக்க என் அழுகை மட்டும் இருந்தது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். மூடியதும் போனிலிருந்து தப்புச் சத்தம் வந்தது. மழைச் சத்தம் வந்தது. குழிக்குள் மண் விழும் சத்தமும் கேட்டது. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஷெட்டில் ஒருவரும் அசையவில்லை.

அடக்கம் பாதியில் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்ததைப் பார்த்தேன். எந்த நேரமும் மெஷின் ஓடத் தொடங்கிவிடும் என்று போனை முகத்தோடு அழுத்திக்கொண்டேன். ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கணவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். அந்த வடநாட்டு ஆட்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். ஷெட் முதலாளி வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். ஏன் ஓடவில்லை என்று கேட்கத்தான் வந்திருப்பார். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். கடைசித் தப்பு அடித்து முடித்து, பெரியப்பா மகன் போனை வைத்த பிறகுதான் மெஷின் ஓடியது.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குழாயில் அக்கா என்னைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னார். கல்யாண வீட்டுக்குள் தீட்டோடு நான் போகக் கூடாது என்று அவருக்கும் எண்ணம் இருந்தது. ஈரத் துணியோடு நடந்து வந்தேன். வெயில் கொளுத்தியது. வீட்டுக்கார அம்மா வாசலில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணத்தன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பந்தியில் போட்டதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து மூடி, என் வாசலில் அவரே வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன். அவர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தோடு அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

போன வருடம் கல்லூரியில் துணியில் வரும் குறைகளைப் பற்றிப் பாடம் நடந்தது. வட்ட மெஷின் நின்று மறுபடி ஓடினால், நின்ற இடத்தில் துணியில் குறுக்காக மெல்லிய கோடு விழும். துணியைச் சோதிக்கும்போது அந்தக் கோடு உள்ளதைக் கழித்துவிட வேண்டும். நானும் கழிக்கிறேன், அது என் படிப்பு. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோடு தெரியும்போதெல்லாம் என் விரல் அதன்மேல் போய் நிற்கிறது. என் அப்பாவுக்காக இந்த ஊர் சற்று நேரம் நின்றது என்பதற்கு எனக்கு வேறு அடையாளம் இல்லை.