காய்ச்சல் இல்லாத வீட்டில் ரொட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒன்பது சமையல் கருவிகள் கிடக்கின்றன. ஒன்பதையும் வாங்கியவன் நான். ஒன்பதையும் மேலே ஏற்றச் சொன்னவள் என் மனைவி. கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பா. ஒரே நேரத்தில் ஏழு முட்டை வேக வைக்கும் பாத்திரம். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர், அவள் முட்டையைத் தொடமாட்டாள். சப்பாத்தியை அப்பளமாக்கும் மின்சாரக் கல். வாழைப்பழத்தைச் சம துண்டுகளாக வெட்டும் சட்டம். மற்ற ஐந்தையும் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பத்தாவதாக வந்தது ஓவன். விழுப்புரத்தில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடை ரொட்டியில் இரண்டு ஓரத் துண்டுகளையும் கணக்கில் சேர்த்தே விற்கிறார்கள் என்ற மனக்குறை எனக்கு வெகுகாலமாக உண்டு. நானே சுட்டால் ஓரமும் என் ஓரமாக இருக்குமே என்று நினைத்தேன்.

சமையல் மேடையில் கிரைண்டர் இருந்த இடத்தை ஓவன் பிடித்தது. கிரைண்டர் தரைக்கு இறங்கியது. மாவரைக்கக் குனியும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே குனிந்தாள்.

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்லைக்கல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முதல் ரொட்டியை எந்த வரப்பில் நட்டிருந்தாலும் யாரும் ஆட்சேபித்திருக்கமாட்டார்கள். இரண்டாவது ரொட்டிக்குத் தண்ணீர் ஆறியிருக்குமோ என்ற பயத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன், ஈஸ்ட் செத்துப்போனது. மூன்றாவது எழும்பியது. ஓவன் கதவைத் திறந்து எத்தனை அங்குலம் என்று அளந்தேன். அளக்கும்போதே உட்கார்ந்துவிட்டது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்றாள் மனைவி. "வெளி ஆள் யாராவது ஒருத்தர், தானா கேட்டு ரெண்டாவது துண்டு தின்னாங்கன்னா அது மேடையில இருக்கட்டும். இல்லன்னா பரணுக்குப் போவுது. என் கிரைண்டர் மேல வருது."

நான்காவது முறை ஜாக்கிரதையாக இருந்தேன். ஈஸ்ட் கலக்கும் தண்ணீர் காய்ச்சல்காரன் உடம்பைப் போலச் சுட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தது. தண்ணீரில் வைத்தேன். பீப் என்றது. கழுவி ஜன்னல் ஓரம் காயவைத்தேன்.

அன்றைக்கு ரொட்டி, ரொட்டியாகவே வந்தது. வாசனை தெருவுக்குப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னலோரத் தெர்மாமீட்டரைப் பார்த்தார். மேஜையில் ரொட்டியைப் பார்த்தார்.

"யாருக்கு சார் உடம்பு? அக்காவுக்கா?"

"யாருக்கும் இல்லம்மா. ஒரு துண்டு சாப்பிடுங்க."

"எனக்கு எதுக்கு சார் பிரெட்டு? நான் நல்லாத்தானே இருக்கேன்! நோயாளி சாப்பாட்ட நான் தின்னுட்டா அவங்க என்னாத்த சாப்புடுவாங்க?"

தலைவலி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி சிரித்து முடித்ததும் புது ஷரத்து ஒன்றைச் சேர்த்தாள்: "கேக்குற ஆளு நல்லா இருக்கிற ஆளா இருக்கணும். நோயில கெடக்குறவங்க எதைக் குடுத்தாலும் தின்னுவாங்க."

மறுநாள் ஞாயிறு. எனக்குத் தெரிந்து, வெட்கப்படாமல் கேட்டுத் தின்னும் ஆள் ஒருவர்தான். திண்டிவனத்தில் இருக்கும் என் சம்பந்தி, மகளின் மாமனார். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறவர். கரும்பைப் பல்லாலேயே உரிப்பேன் என்று கல்யாணப் பந்தலில்கூடச் சொன்னவர். காலையிலேயே இன்னொரு ரொட்டி சுட்டு, துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்த ரொட்டியை ஒருவர் கவனித்தார். "பெரியவரு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்காரு, எடம் குடுங்கப்பா" என்றார். மூன்று பேர் எழுந்தார்கள். மறுத்துப் பேச எனக்கு என்ன அவசரம்? உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் அவர் குனிந்து, "இப்ப எப்புடி இருக்குது?" என்று கேட்டார். ரொட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடு கொறஞ்சிருக்குது" என்றேன். அதில் பொய் இல்லை.

சம்பந்தி வீட்டில் தனியாக இருந்தார். மற்றவர்கள் வளவனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தவர் பையைப் பார்த்ததும் வெளுத்துப்போனார். ஒரு பக்கத்துக் கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது.

"யாரு சம்பந்தி சொன்னது ஒங்களுக்கு?"

"எதை?"

"அப்புறம் எதுக்கு பிரெட்டு எடுத்துக்கினு வந்தீங்க?"

தானே மாட்டிக்கொண்டார். நேற்று மாலை கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார். வீட்டில் குளவி கொட்டிவிட்டது என்று சொல்லிக் கல்யாணத்துக்குப் போகாமல் தப்பித்திருக்கிறார். "வெளியில தெரிஞ்சா அந்தக் கரும்புப் பேச்சையே எடுத்து மானத்த வாங்கிடுவாங்க. வாயத் தொறக்காதீங்க சம்பந்தி" என்றார். நேற்றிலிருந்து கஞ்சிதான். ரொட்டியைப் பாலில் நனைத்து ஒரு துண்டு தின்றார். கண்ணை மூடினார். "இன்னொன்னு குடுங்க" என்றார்.

நான் இதற்காகத்தானே வந்தேன்? ஆனால் ஷரத்து நினைவுக்கு வந்தது. பல் பிடுங்கியவர் நல்லா இருக்கிற ஆள் ஆவாரா? நான் தீர்மானிப்பதற்குள் அவரே எடுத்து மூன்றை முடித்து நாலாவதைப் பாலில் நனைத்தார். கைப்பேசி அடித்தது. மனைவிதான். "அவருகிட்டயே குடுங்க, நானே கேக்குறேன்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, ரெண்டாவது துண்டு கேட்டீங்களா?"

"நாலாவது ஓடுதும்மா."

"ஒடம்பு நல்லா இருக்குதில்ல? குரல் ஒரு மாதிரி இருக்குதே."

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எனக்கு என்னாம்மா, கல்லு மாதிரி இருக்கேன்! வாய் நெறய பிரெட்டு. அதான்."

எட்டுத் துண்டுகள் தின்றார். ஓரத் துண்டு இரண்டையும் எனக்கு விட்டுவைத்தார். அவரால் மெல்ல முடியாது. அவற்றைத் தின்றுகொண்டே விழுப்புரம் திரும்பினேன். பையிலிருந்து ரொட்டி எட்டிப் பார்க்காததால் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் ஓவன் மேடையில்தான் இருந்தது. தோல்வியை மனைவி இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு போடும்போது, "அண்ணனுக்கு எந்தப் பக்கத்துப் பல்லு?" என்று கேட்டாள்.

"எந்தப் பல்லு?" என்றேன்.

அவள் ரசம் ஊற்றினாள். கை கழுவப் போகும்போது ஓவன் மேல் கை வைத்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் காலையில் அணைத்த ஓவன். திறந்து பார்த்தேன். தட்டின் மூலையில் மல்லாட்டைத் தோல் சிவப்பாக மூன்று ஒட்டியிருந்தது.

கதவைச் சத்தமில்லாமல் மூடினேன். பல்லைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை, தோலைப் பற்றி நான் இதுவரை வாய் திறக்கவில்லை. கிரைண்டர் இன்னும் தரையில்தான் இருக்கிறது. குனிந்து மாவரைப்பது மட்டும் இப்போது நான்.