கொப்பரா அறையிலிருந்து வந்த அந்துகள்

நாட்டில் யுத்தம் முடிந்த பிறகுதான், கற்பிட்டியில் இருட்டில் தோட்டத்துக்குள் பல்பைப் போட்டுக்கொண்டு நிற்பவனை யாரும் விசாரிக்காமல் விட்டார்கள். முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவில் வெள்ளைத் துணி கட்டினேன். அதில் வந்து ஒட்டும் விட்டில்களைப் படமெடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, பெயரையும் தேதியையும் கொப்பியில் எழுதினேன். மூன்று வருடத்தில் நான்கு கொப்பிகள் நிறைந்தன.

அவற்றை என் தங்கையின் புருஷன் எரித்தான். அடுத்த வளவில் தேங்காயைக் கொப்பராவாக வாட்டுகிறவன் அவன். மழை நாளில் சிரட்டை பற்றவில்லை என்று என் விறாந்தையில் கிடந்ததை அள்ளிப் போயிருக்கிறான்.

"அல்லாட பேர் உள்ள கடதாசியை நான் நெருப்புல போடுவனா மச்சான்? நல்லாப் பாத்தேன். அரபு எழுத்து ஒண்டும் இல்ல. அதுக்குப் பொறகுதான் பத்த வெச்சேன். பூச்சிக் கதைதானே, திரும்ப எழுதலாம்."

பார்த்துவிட்டு எரித்தான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை ‘நானா’ என்று கூப்பிடும் தங்கைக்காக வாயை மூடிக்கொண்டேன்; மன்னிக்கவில்லை. ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள். எனக்கு உறவாகத்தான் இருந்தது. அவள் கொடுத்தனுப்பிய கறியைத் தின்றுகொண்டே அவனை எப்படி அழ வைக்கலாம் என்று யோசித்தேன்.

புதுக் கொப்பி தொடங்கிய மாதம், அரிசி நீளத்தில் சாம்பல் நிற அந்துகள் துணிக்கு வரத் தொடங்கின. அவன் கொப்பரா அறைப் பக்கமிருந்து காற்றடித்தால் கூடுதலாக வந்தன. இரண்டே இரவில் பெயரைப் பிடித்துவிட்டேன். களஞ்சியங்களில் பெருகும் அந்து அது. அதன் புழு கொப்பராவைக் குடைந்து நூல் கட்டிவிடும். அவனோ விலை ஏறட்டும் என்று அறையைப் பூட்டி வைத்திருந்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெயிலில் பரப்பிக் காப்பாற்றியிருக்கலாம். உள்ளே இருந்தது தங்கைக்கு வாப்பா எழுதிக் கொடுத்த தோட்டத்துக் காய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. ஏழு, பத்தொன்பது, அறுபது என்று இரவுக்கு இரவு எழுதினேன். எண்ணிக்கை ஏற ஏற எனக்கு நன்றாக நித்திரை வந்தது.

நான்காம் மாதம் அறையைத் திறந்தார்கள். அவன் ஒரு கொப்பராத் துண்டோடு வந்தான். அது கையிலேயே தூளாக உதிர்ந்தது. பின்னால் தங்கை நின்றாள்.

"மச்சான், நீங்கதானே பூச்சி பாக்கிற ஆள். இது என்ன எண்டு தெரியுமா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

"ஓம். நாலு மாசமாத் தெரியும்," என்று கொப்பியை விரித்துக் காட்டினேன்.

அவன் முகம் செத்துப் போனது. அதைப் பார்த்து மனம் குளிர எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தங்கை கொப்பியைப் பிடுங்கித் தேதிகளை முதலிலிருந்து படித்தாள்.

"இவர் அறியாமச் செஞ்சார் நானா," என்றாள். "நீங்க ஒவ்வொரு நாளும் எழுதி வெச்சுச் செஞ்சிரிக்கீங்க."